ஓட்டுநர் இல்லாத டாக்சி: சாவி யார் கையில்?

மேல்விஷாரத்தை ஒட்டிப் போகிற சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் நின்று எண்ணிப் பாருங்கள் தோழர்களே. மஞ்சள் நம்பர் பலகை மாட்டிய வண்டிகள் எத்தனை போகின்றன! வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் காட்பாடி ஜங்ஷனில் வந்து இறங்குகிற நோயாளிகளை வேலூர் சி.எம்.சி.க்கு ஏற்றிப் போகிற கார்கள், ஸ்ரீபுரம் கோயிலுக்குப் போகிற கார்கள், விடியற்காலையில் ஷூ கம்பெனிகளுக்குப் பெண்களை அள்ளிக்கொண்டு போகிற வேன்கள். இவற்றின் ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கிற இளைஞர்களில் பலருடைய அப்பாவும் தாத்தாவும் டேனரியில் சுண்ணாம்புத் தொட்டிக்குள் இறங்கியவர்கள். 'லைசென்ஸ் மட்டும் எடுத்துட்டா தொட்டியில எறங்க வேண்டியதில்ல' என்பது இந்தப் பகுதிச் சேரிகளில் ஒரு தலைமுறையின் கனவு. பலருக்கு அது பலித்தும் இருக்கிறது.

இப்போது அந்த ஸ்டியரிங்குக்கு ஆளே வேண்டாத டாக்சி வந்துவிட்டது. கூகிள் 2009இல் தொடங்கிய ஆராய்ச்சி, 'வேமோ' என்ற தனிக் கம்பெனியாகி, 2020 அக்டோபரில் அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரத்தில் ஓட்டுநர் இல்லாத டாக்சியைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது. 2024 ஜூனில் சான் பிரான்சிஸ்கோவில் யார் வேண்டுமானாலும் அதைக் கூப்பிட்டு ஏறலாம் என்றானது. 2025 ஏப்ரலில் வாரத்துக்கு 2.5 லட்சம் சவாரிக்கு மேல் போயிற்று. சீனாவில் பைடு கம்பெனி இதற்கென்றே சுமார் 2 லட்சம் யுவானுக்கு ஒரு வண்டி செய்திருக்கிறது. 2024 ஜூலையில் வூஹான் நகரத்து டாக்சி ஓட்டுநர்கள் பிழைப்பு போகிறது என்று முறையிட்டார்கள். டெஸ்லா 2024 அக்டோபரில் ஸ்டியரிங்கே இல்லாத காரைக் காட்டியது. 2025 ஜூனில் ஆஸ்டின் நகரத்தில், பக்கத்து இருக்கையில் ஒரு கண்காணிப்பாளரை உட்கார வைத்துக்கொண்டு தன் டாக்சியை ஓடவிட்டது.

எல்லாம் வெற்றிக் கதையும் இல்லை. ஜெனரல் மோட்டார்ஸ் தன் 'குரூஸ்' கம்பெனியில் பல நூறு கோடி டாலரைக் கொட்டியது. 2023 அக்டோபரில் சான் பிரான்சிஸ்கோவில் வேறொரு கார் மோதித் தள்ளிய பெண்ணை அதன் வண்டி அடியில் வைத்து இழுத்துக்கொண்டு போனது. உரிமம் பறிபோனது. 2024 டிசம்பரில் கடையைக் கட்டினார்கள். ஆனாலும் ஒருவன் விழுந்தால் இன்னொருவன் ஓடுகிறான். பந்தயம் நிற்கவில்லை.

'அமெரிக்காக்காரன் கதை நமக்கெதுக்கு? நம்ம ரோட்டுல மாடும் ஆட்டோவும் குறுக்க வரும், இங்க அதெல்லாம் ஓடாது' என்று சிரிப்பவர்கள் உண்டு. சிரிக்கட்டும். ஆனால் சான் பிரான்சிஸ்கோவில் ஓட்டுநர் இல்லாமல் ஓடுகிற அந்த வெள்ளைக் கார் எந்தக் கம்பெனியுடையது தெரியுமா? ஜாகுவார். ஜாகுவார் லேண்ட் ரோவரை 2008இல் ஃபோர்டிடமிருந்து 230 கோடி டாலருக்கு வாங்கியது டாடா மோட்டார்ஸ். 2018 மார்ச்சில் வேமோவும் ஜாகுவாரும் 20,000 வண்டிகள்வரை என்று பேசி ஒப்பந்தம் போட்டார்கள். அதே டாடா மோட்டார்சுக்குத்தான் நம் ராணிப்பேட்டை மாவட்டத்தில், பனப்பாக்கம் சிப்காட்டில், 2024 செப்டம்பர் 28 அன்று மு.க. ஸ்டாலின் அடிக்கல் நாட்டினார். 9,000 கோடி ரூபாய் முதலீடு, 5,000 பேருக்கு வேலை, ஜாகுவார் லேண்ட் ரோவர் கார்களும் இங்கே செய்யப்படும் என்று அறிவித்தார்கள். ஆக இது தூரத்துக் கதை இல்லை. பக்கத்து ஊர்க் கதை.

கார்த் தொழிலை இந்த டாக்சி எப்படி மாற்றும்? பெரிய பொருளாதாரப் புத்தகம் எதுவும் வேண்டாம். தோல் தொழிலில் கிடந்து உழன்ற நமக்கு ஒரு சொல் போதும்: ஜாப் ஒர்க்.

டேனரிகளில் நாம் பார்த்ததுதானே. தோல் ஒருத்தனுடையது, ஆர்டர் ஒருத்தனுடையது, பேர் ஒருத்தனுடையது. சொந்தமாகத் தோல் வாங்க முதல் இல்லாத டேனரிக்காரர், அடுத்தவன் தோலை வாங்கி, பதனிட்டு, கூலியை வாங்கிக்கொண்டு திருப்பிக் கொடுப்பார். ஆம்பூரில் தைக்கிற ஷூவின் மேல்பகுதியில் நம் பெண்களின் விரல் தேய்கிறது. ஐரோப்பியக் கடையில் அதன்மேல் வேறொருவனுடைய பேர் உட்கார்ந்திருக்கிறது. லாபத்தின் பெரும்பங்கு பேர் வைத்தவனுக்கு. மிச்சம் முதலாளிக்கு. அதிலும் மிச்சம் மேஸ்திரிக்கு. கடைசியில் பீஸ் ரேட்டு நமக்கு.

நூறு வருஷமாகக் கார் கம்பெனிதான் பேர் வைத்தவனாக இருந்தது. காரைச் செய்தான், குடும்பத்துக்கு விற்றான், கடன் கொடுத்தான், சர்வீசும் செய்தான். ஓட்டுநர் இல்லாத டாக்சி இந்த ஏற்பாட்டைக் கலைக்கிறது. நம் ஊரில் மாதத் தவணை கட்டி ஒருவர் வாங்குகிற சொந்தக் கார் நாளில் பெரும்பொழுது வாசலில் சும்மா நிற்கிறது. டாக்சி நாள் முழுக்க ஓடும். கூப்பிட்டால் இரண்டு நிமிடத்தில் மலிவாக வந்து நிற்கும் என்றால், நகரத்து நடுத்தர வர்க்கத்தான் எதற்குச் சொந்தக் கார் வாங்குகிறான்? அப்போது வாங்குகிறவன் குடும்பஸ்தன் இல்லை. ஒரே மூச்சில் பத்தாயிரம் வண்டி கேட்கிற ஒரு கம்பெனி. விலையை அவன் சொல்வான். மூளை அவனுடையது, கூப்பிடுகிற செயலி அவனுடையது, கட்டணம் போகிற கணக்கும் அவனுடையது. கார் கம்பெனி உடம்பை மட்டும் செய்து கொடுத்துக் கூலி வாங்கும்.

இது ஊகம் மட்டுமில்லை. வேமோ என்ன செய்தது பாருங்கள். ஜாகுவாரோடு தொடங்கியது. பிறகு சீனாவின் ஜீலி குழுமத்தைச் சேர்ந்த ஜீக்கர் வண்டிக்குப் போனது. 2024 அக்டோபரில் ஹூண்டாயின் அயோனிக் 5 வண்டிக்கும் ஒப்பந்தம் போட்டது. ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையில் ஆலை வைத்திருக்கிற அதே ஹூண்டாய்தான். இன்றைக்கு உன்னிடம், நாளைக்கு அவனிடம். ஆம்பூரில் ஆர்டர் கொடுத்துக்கொண்டிருந்த கம்பெனி வியட்நாமில் காலணா குறைவாகக் கிடைத்தால் அங்கே போவதில்லையா? டாடாவுக்கும் ஹூண்டாய்க்கும் அந்த நிலை வரப்போகிறது. முதலாளி ஜாப் ஒர்க்குக்கு இறங்கினால் அவனுக்குக் கீழே இருக்கிற தொழிலாளி எங்கே இறங்குவான்? அதுதான் நம் கேள்வி.

ஃபோர்டு மறைமலைநகர் ஆலையை நினைவுபடுத்திக்கொள்வோம். 2021 செப்டம்பரில் அறிவித்தார்கள், 2022இல் உற்பத்தி நின்றது. நிரந்தரத் தொழிலாளர்கள் நியாயமான இழப்பீட்டுக்காகப் போராடினார்கள். ஒப்பந்தத் தொழிலாளிக்கும், உதிரிபாகப் பட்டறைக்காரனுக்கும், கேன்டீனில் பாத்திரம் கழுவியவருக்கும் பேச்சுவார்த்தை மேசையில் நாற்காலி எப்போதும் இருப்பதில்லை. அந்த வரிசையில் யார் அதிகம் நிற்கிறார்கள் என்று இந்தப் பத்திரிகையின் வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

ஆலைக்கு வெளியேயும் ஒரு தொழில் இருக்கிறது. நெடுஞ்சாலை ஓரம் முழுக்க டிங்கர் கடை, பெயின்ட் கடை, பஞ்சர் கடை, சீட் கவர் தைக்கிற கடை, டிரைவிங் ஸ்கூல், பழைய கார் புரோக்கர். இவையெல்லாம் லட்சம் பேர் லட்சம் கார் வைத்திருப்பதால் வாழ்கிறவை. கம்பெனியே எல்லா வண்டியையும் வைத்திருந்தால் எல்லாம் அவன் டெப்போவுக்குள்ளேயே நடக்கும். அமெரிக்காவில் அப்படித்தான் நடக்கிறது. வண்டி தானாக டெப்போவுக்கு வந்து நிற்கிறது. மனிதர்கள் அதற்கு மின்சாரம் ஏற்றுகிறார்கள், உள்ளே பெருக்குகிறார்கள், பயணி எடுத்த வாந்தியைத் துடைக்கிறார்கள். ஓட்டுகிற வேலை போய், கழுவுகிற வேலை மிஞ்சுகிறது! இந்த நாட்டில் கழுவுகிற வேலைக்கு யாரைக் கூப்பிடுவார்கள்? பாதாள சாக்கடைக்கு யாரைக் கூப்பிடுகிறார்களோ அவர்களைத்தான். மூன்று தலைமுறை கழித்து ஸ்டியரிங்குக்கு வந்த கையில் மறுபடியும் துடைப்பத்தைக் கொடுப்பதற்குப் பெயர் முன்னேற்றமா?

ஸ்டியரிங் நமக்கு எப்படிக் கிடைத்தது என்பதையும் மறக்கக் கூடாது. வாடகை வண்டி ஓட்ட எட்டாம் வகுப்பு படித்திருக்க வேண்டும் என்று ஒரு விதி இருந்தது. 2019இல்தான் ஒன்றிய அரசு அதை எடுத்தது. டேனரித் தெருவில் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைக்கு அன்றுதான் சட்டப்படி கதவு திறந்தது. 1974இல் தொடங்கப்பட்ட தாட்கோ, நம் இளைஞர்களுக்குச் சுயதொழில் என்று மானியத்தோடு கொடுக்கிற கடன்களில் வாகனக் கடன் முக்கியமானது. நிலம் கிடையாது, கடை வைக்க ஊர்த்தெருவில் இடம் கிடையாது, சாராயக் கடையும் பெட்டிக்கடையும் வேண்டாம் என்றால் எஞ்சுவது வண்டிதான். அரசு நமக்குக் காட்டிய முன்னேற்றப் பாதை நான்கு சக்கரத்தில் நிற்கிறது. ஏழு வருஷத் தவணையில் ஒருத்தன் கார் எடுத்து, பாதி கட்டி முடிப்பதற்குள் ஓட்டுநரே வேண்டாத போட்டி வண்டி சாலைக்கு வந்தால் அந்தக் கடன் யார் தலையில்?

ஓலா, ஊபர் கதை ஏற்கெனவே நமக்குப் பாடம். முதலில் ஊக்கத்தொகை என்று அள்ளிக் கொடுத்தார்கள். பையன்கள் கடன் வாங்கிக் கார் எடுத்தார்கள். பிறகு ஊக்கத்தொகையை வெட்டினார்கள். 2017இல் தில்லியிலும் பெங்களூரிலும் ஓட்டுநர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். 'நீங்கள் தொழிலாளி இல்லை, எங்கள் கூட்டாளி' என்று கம்பெனி சொன்னது. அதே ஊபர் 2025இல் ஆஸ்டினிலும் அட்லாண்டாவிலும் தன் செயலியில் வேமோவின் ஆளில்லா வண்டியை அனுப்பத் தொடங்கியிருக்கிறது. கூட்டாளிக்கு இதுதான் மரியாதை!

'கவலை வேண்டாம், டெல்லியே தடுத்துவிடும்' என்கிறார்கள் சிலர். ஓட்டுநர்களின் வேலை போகும் என்பதால் ஆளில்லா காரை இந்தியாவுக்குள் விடமாட்டேன் என்று அமைச்சர் நிதின் கட்கரி 2023 டிசம்பரில் சொன்னது உண்மை. சொன்னதை வரவேற்போம். ஆனால் அமைச்சர் வாக்கு சட்டமாகாது. 2020 டிசம்பரில் தில்லி மெட்ரோவில் ஓட்டுநர் இல்லாத ரயிலைப் பிரதமரே கொடியசைத்துத் தொடங்கி வைத்தார். சில்லறை வணிகத்தில் அந்நிய முதலீடு வராது வராது என்று சொல்லிச் சொல்லித்தான் வந்தது. கம்பெனிகளின் கை நீளமானது.

அப்படியானால் இயந்திரத்தை எதிர்க்கப் போகிறோமா? இல்லை. இதில் நாம் தெளிவாக இருக்க வேண்டும். கைராட்டையும் கிராமமும் போதும் என்று காந்தியம் சொன்னபோது அதை எதிர்த்து எழுதியவர் பாபாசாகேப் அம்பேத்கர். இயந்திரம்தான் மனிதனுக்கு ஓய்வைக் கொடுக்கும், ஓய்வு இல்லாமல் பண்பாடு இல்லை. கேடு இயந்திரத்தில் இல்லை, அதன் பலனைச் சிலர் தமக்கே வைத்துக்கொள்ள விடுகிற சமூக ஏற்பாட்டில் இருக்கிறது என்பது 1945இல் அவர் வைத்த வாதம். சுண்ணாம்புத் தொட்டிக்கு டிரம் வந்ததை நாம் எதிர்த்தோமா? மலக்குழிக்கு இயந்திரம் வேண்டும் என்று கத்துகிறவர்களே நாம்தானே? மலக்குழிக்கு இயந்திரம் செய்யக் காசில்லை என்று கைவிரிக்கிற உலகம், ஸ்டியரிங் பிடிக்கிற வேலைக்கு மட்டும் ஆயிரமாயிரம் கோடியைக் கொட்டி இயந்திரம் செய்வது ஏன் என்றுதான் கேட்கிறோம். எந்த வேலை முதலில் ஒழிய வேண்டும் என்று முடிவு செய்வது யார்?

பயணியாக நமக்கு இதில் ஆதாயம் உண்டு என்பதையும் மறைக்க வேண்டாம். இயந்திரம் 'எந்த ஊரு, எந்தத் தெரு, நீங்க என்ன ஆளுங்க?' என்று கேட்காது. பிரசவ வலி எடுத்த பெண்ணைச் சேரிக்குள் வந்து ஏற்ற மாட்டேன் என்று சொல்லாது. நல்லதுதான். ஆனால் அந்த வண்டி எந்தத் தெருவரைக்கும் வரும் என்பதைக் கம்பெனி வரைபடத்தில் கோடு போட்டுத் தீர்மானிக்கிறது. கோட்டுக்கு வெளியே இருக்கிறவன் கூப்பிட்டால் வண்டி வராது. ஊர் எது, சேரி எது என்று பிரிக்கிற பழைய கோடு புதிய வரைபடத்தில் ஏறாது என்பதற்கு என்ன உத்தரவாதம்?

இயந்திரத்தின் கண்ணும் மனிதன் கொடுத்த கண்தான். 2018 மார்ச்சில் அரிசோனாவின் டெம்பி நகரத்தில் ஊபரின் சோதனைக் கார் ஒரு பெண்ணை மோதிக் கொன்றது. வீடில்லாத பெண். இரவில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்தார். விசாரித்த அமெரிக்க அரசு வாரியம் 2019இல் சொன்னது என்ன? கோடு போட்ட இடத்துக்கு வெளியே ஒரு மனிதர் சாலையைக் கடக்கக்கூடும் என்ற கணக்கே அந்த மென்பொருளில் இல்லை. வண்டி, சைக்கிள், இன்னதென்று தெரியாத பொருள் என்று மாற்றி மாற்றி நினைத்ததாம். அனுமதித்த இடத்தில் நடக்காதவர் மனிதராகவே தெரியவில்லை! நமக்கு இது புதிதா? பிறகு நடந்ததையும் கேளுங்கள். ஊபர் மீது குற்ற வழக்கு இல்லை என்று 2019இல் விட்டுவிட்டார்கள். கூலிக்கு உள்ளே உட்கார்ந்திருந்த கண்காணிப்பு ஊழியர்மீது வழக்குப் போட்டார்கள். 2023இல் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். லாபம் வந்தால் இயந்திரத்தின் அறிவு, பிணம் விழுந்தால் தொழிலாளியின் கவனக்குறைவு.

ராணிப்பேட்டையில் நாம் இதைப் பார்த்தவர்கள். 2015 ஜனவரி 31 அதிகாலை, சிப்காட்டில் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் உடைந்து, பக்கத்து டேனரியில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் மீது சேறு பாய்ந்தது. 10 பேர் செத்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். தொழில் நவீனமானது, ஏற்றுமதி பெருகியது, சுத்திகரிப்பு நிலையமும் வந்தது. தூங்குவதற்கு ஒரு இடம் மட்டும் தொழிலாளிக்கு வரவில்லை.

நவீனமாவது என்றால் என்ன என்பதற்கு இந்தத் தோல் பூமியே சாட்சி. 1970களில் ஒன்றிய அரசு பச்சைத் தோல் ஏற்றுமதியைத் தடுத்து, அரைகுறையாகப் பதனிட்ட தோலுக்குக் கட்டுப்பாடு போட்டு, முழுதாகப் பதனிட்ட தோலுக்கும் ஷூவுக்கும் ஊக்கம் கொடுத்தது. ஆவாரம் பட்டை போய் குரோம் வந்தது, இயந்திரம் வந்தது, கோடிகள் வந்தன. முதலாளி எந்த மதமானாலும் சரி, தொட்டியில் இறங்கியவர் பிள்ளை முதலாளி ஆனாரா? பாலாறு செத்தது. ஊர்க் கிணறுகள் செத்தன. 1996இல் உச்ச நீதிமன்றம் வேலூர் வழக்கில் மாசுபடுத்தியவனே பணம் கட்ட வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. 2025 ஜனவரியிலும் அதே டேனரி மாசுக்காக இன்னொரு தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. இயந்திரம் வரும்போது பேரம் பேசாதவன் முப்பது வருஷம் கோர்ட்டில் நிற்க வேண்டும். இதுதான் பாடம்.

ஆகவே பேரம் பேச வேண்டிய நேரம் இதுதான். அரசு நிலமும் அரசுச் சலுகையும் கைமாறுகிற நேரம். பனப்பாக்கத்தில் கார் ஆலை மட்டுமா? அதே சிப்காட்டில் 2024 டிசம்பரில் ஹாங் ஃபு கம்பெனியின் தோல் அல்லாத காலணி ஆலைக்கும் அடிக்கல் நாட்டினார்கள். 25,000 பேருக்கு வேலை என்றார்கள். தோலை நம்பியிருந்தவனுக்குத் தோல் இல்லாத ஷூ. ஸ்டியரிங்கை நம்பியிருந்தவனுக்கு ஸ்டியரிங் இல்லாத கார். இரண்டும் நம் வாசலில்தான்.

பம்பாய் மில்களில் இயந்திரம் ஓடியபோதும் நெசவுப் பிரிவில் தீண்டப்படாதவர்களைச் சேர்க்கவில்லை. நூலை வாயால் உறிஞ்ச வேண்டும், எச்சில் தீட்டு என்றார்கள். அம்பேத்கர் அதை 1928 வேலைநிறுத்தக் காலத்தில் கேள்வியாக்கினார். கூலி கூடிய பிரிவு சாதி இந்துவுக்கு, கூலி குறைந்த பிரிவு நமக்கு. புதிய கார் ஆலையிலும் கணினி முன்னால் உட்காருகிறவன் யார், ஒப்பந்தக்காரனிடம் நின்று தரை துடைக்கிறவன் யார் என்று பிரிவு வாரியாகக் கணக்குக் கேட்க வேண்டும்.

நம் கோரிக்கைகள் இவை. ஒன்று: அரசு நிலமும் மானியமும் வாங்குகிற ஒவ்வொரு கார் ஆலையிலும், ஒப்பந்தத் தொழிலாளர் உட்பட எல்லா நிலையிலும் தலித், பழங்குடி மக்களுக்கு இடஒதுக்கீடு வேண்டும், ஒப்பந்தத்திலேயே அது எழுதப்பட வேண்டும். இரண்டு: ஆளில்லா டாக்சிக்கு இந்த மாநிலத்தில் எந்தக் காலத்தில் பர்மிட் கொடுத்தாலும், அதை ஓட்டுநர்களின் கூட்டுறவுச் சங்கங்களுக்கே முதலில் கொடுக்க வேண்டும். 2022இல் கேரள அரசு 'கேரள சவாரி' என்று தானே ஒரு டாக்சிச் செயலியைத் தொடங்கியது. அரசு நினைத்தால் முடியாது என்பதில்லை. மூன்று: தாட்கோ வாகனக் கடன் வாங்கியவர்களின் வண்டிக்கு வேலை இல்லாமல் போகும் நாளில் கடனை அரசு ஏற்க வேண்டும். இனிமேல் கொடுக்கிற கடன், தனித்தனி ஆளுக்கு ஒரு வண்டி என்றில்லாமல் சங்கமாகச் சேர்ந்து வண்டிகளையும் செயலியையும் சொந்தமாக்கிக்கொள்ள உதவ வேண்டும். நான்கு: தமிழ்நாட்டில் 2023இல் அமைக்கப்பட்ட இணையவழி சேவைத் தொழிலாளர் நல வாரியம் அடையாள அட்டை கொடுப்பதோடு நிற்காமல், கம்பெனிகளிடம் சவாரிக்கு இவ்வளவு என்று தீர்வை வசூலித்து ஓட்டுநர்களின் ஓய்வூதியத்துக்கும் மறுபயிற்சிக்கும் வைக்க வேண்டும்.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை. மேல்விஷாரம் அப்துல் ஹக்கீம் கல்லூரியிலும் வேலூர் ஊரிசு கல்லூரியிலும் படிக்கிறவர்கள் விடுமுறை நாளில் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாகப் போங்கள். நம் தெருவில் எத்தனை ஓட்டுநர்கள்? எத்தனை பேருக்குச் சொந்த வண்டி? எவ்வளவு கடன், இன்னும் எத்தனை தவணை? அவர்கள் அப்பா என்ன வேலை செய்தார், தம்பி என்ன வேலைக்குப் போகிறான்? இந்தக் கணக்கை நாம் எடுக்காவிட்டால் வேறு யாரும் எடுக்கப் போவதில்லை. கணக்கு இல்லாதவனோடு கம்பெனியும் பேசாது, கலெக்டரும் பேசமாட்டார்.

1892இல் வெள்ளைக்காரன் காலத்தில் ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலம் காகிதத்தில் நம்முடையது, கையில் அடுத்தவனுடையது. நிலத்தில் நடந்தது சாலையிலும் நடக்க விடக்கூடாது. வண்டி தானாக ஓடட்டும். அதன் சாவியும் அது கொண்டு வருகிற காசும் யாருக்கு என்பதைத் தானாக முடிவாக விடமாட்டோம்.

- ஆசிரியர் குழு